கிதாபுகளைக் காத்த நகரம்



யாழ்ப்பாணத்தை அடுத்துள்ள வேலணைத் தீவுக்கு ஒல்லாந்தர் ‘லைடன்’ என்று பெயர் வைத்தார்கள். அது அவர்களது நாட்டிலுள்ள பழைய நகரமொன்றின் பெயர். அந்த நகரத்தின் கதையை இம்மாதம் பார்ப்போம்.

1574ஆம் ஆண்டு ஸ்பானியப் படை லைடனை முற்றுகையிட்டிருந்தது. பசியாலும் கொள்ளைநோயாலும் ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். முடிவில் அணைகளை உடைத்து, வயல்களை வெள்ளக்காடாக்கி, படகுகளில் உணவு கொண்டுவந்தார்கள். ஒக்டோபர் 3ஆம் திகதி நகரம் மீண்டது. பட்ட துன்பத்துக்குப் பகரமாக, “வரிச்சலுகை வேண்டுமா, பல்கலைக்கழகம் வேண்டுமா?” என இளவரசர் வில்லியம் கேட்டாராம், மக்கள் பல்கலைக்கழகத்தையே கேட்டார்களாம். இது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. 1575 பெப்ரவரி 8ஆம் திகதி பல்கலைக்கழகம் உருவானது வரலாறு.

1613இல் எர்பேனியஸ் என்பவர் அங்கே அறபு மொழிப் பேராசிரியரானார். அவர் எழுதிய அறபு இலக்கணத்தை ஐரோப்பியர் நெடுங்காலம் படித்தார்கள். அவருக்குப் பின் வந்த கோலியஸ், மொரோக்கோவுக்கும் சிரியாவுக்கும் போய்க் கையெழுத்துப் பிரதிகளைத் தேடினார். கோலியஸின் மாணவர் வார்னர் இஸ்தான்பூலில் ஒல்லாந்தரின் பிரதிநிதியாக இருந்தார். பேரறிஞர் ஹாஜி கலீஃபா மௌத்தான பின்னர் அவருடைய கிதாபுகள் விலைக்கு வந்தபோது, வார்னர் பலவற்றை வாங்கினார். 1665இல் வார்னர் இறந்தபோது, ஏறத்தாழ 1,000 பிரதிகள் லைடனுக்குச் சேர்ந்தன.

அவற்றுள் ஒன்று, அந்தலூஸின் இமாம் இப்னு ஹஸ்ம் எழுதிய ‘தவ்குல் ஹமாமா’. ஹிஜ்ரி 738இல் படியெடுக்கப்பட்ட அந்த ஒரேயொரு பிரதிதான் உலகில் எஞ்சியது. அதுவும் தொலைந்திருந்தால் அந்த நூலே நமக்கு இல்லை!

இன்னுமொன்று. ஹதீஸில் ஒரு சொல் ஞாபகமிருந்தால் போதும், ஒன்பது கிரந்தங்களில் அது வரும் இடத்தைக் காட்டும் ‘அல்முஃஜமுல் முஃபஹ்ரஸ்’. வென்சிங்க் தொடக்கிவைத்த அந்தப் பெரும் அகராதியும் 1936 முதல் லைடனில்தான் வெளிவந்தது.

அவர்கள் அறபு படித்ததில் வியாபார நோக்கமும் இருந்தது, மதவாத நோக்கமும் இருந்தது. மறுப்பதற்கில்லை. ஆனால் நம்மவர் கைவிட்டதை அவர்கள் பேணி வைத்தார்கள் என்பதையும் மறுப்பதற்கில்லை.

சகோதரிகளே! உங்கள் மூத்தவாப்பா ஓதிய கிதாபுகள், மூத்தம்மா வைத்திருந்த அறபுத்தமிழ் ஏடுகள் இப்போது எங்கே? வீடு துப்புரவு செய்யும் நாளில் அவற்றைப் பழைய கடதாசியோடு சேர்த்துக் கட்டிவிடாதீர்கள். கறையான் எட்டாத இடத்தில் வையுங்கள். அதில் என்ன இருக்கிறதென்று, வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். அது உலகில் எஞ்சிய கடைசிப் பிரதியாகவும் இருக்கலாம்.