புதுப்பொறியும் பழைய நிரலும்

ஆண்டுதோறும் யூன் மாதம் அணுகும்போது, அப்பிள் நிறுவனம் தன் நிரலாளர் மாநாட்டிலே எப்புதுக் கணினியை வெளியிடுமென்னும் ஊகம் உலகெங்கும் எழுகின்றது. சாவகச்சேரி மாணவர்க்கும் அதுவே பேச்சு. பொறியின் மெலிவும் விலையுமே அவர்தங் கவலை. அம்மாநாடு நிரலெழுதுவோர்க்கு உரியதென்பதை நினைப்பார் சிலரே.

கணினியின் மூளை எனத்தகும் நுண்செயலியை மாற்றும் செய்தி இருமுறை அங்கே வெளியாயிற்று. 2005 யூன் 6இல் பவர்பீசியை விட்டு இன்ரெலுக்கு மாறுவதாகவும், 2020 யூன் 22இல் இன்ரெலையும் விட்டுத் தன் சொந்த நுண்செயலிக்கு மாறுவதாகவும் அந்நிறுவனம் அறிவித்தது. இருமுறையும் வதந்தி முந்திற்று, பொய்யும் ஆகவில்லை.

ஒன்றின் கட்டளைமொழி மற்றொன்றுக்கு விளங்காது. ஆதலின், ரொசெற்றா என்னும் மொழிபெயர்ப்பு நிரலை இடையே வைத்தனர். 2011இல் முதலாவது ரொசெற்றா நீக்கப்பட்டது. மொழிபெயர்ப்பாளன் அவைநீங்கியபின் தூதன் பேசி என்ன பயன்? திருத்தி எழுதப்படாத நிரல்கள் யாவும் புதிய இயங்குதளத்தில் ஊமையாயின.

பெருநிறுவனங்கள் தம் நிரல்களைத் திருத்திக்கொள்ளும். தமிழ் நிரல்களிற் பலவோ தனியொருவர் உழைப்பு. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு அஞ்சல் இன்றும் வழங்குவது, அவர் விடாது புதுப்பித்து வந்தமையாலன்றோ? புதுப்பிப்பார் இல்லாதவற்றின் கதி வேறு.

இரண்டாவது ரொசெற்றாவும் சில ஆண்டுகளிற் சுருங்குமென 2025 யூன் மாநாட்டிலே அறிவித்துவிட்டனர். புதுப்பொறி வாங்க எண்ணும் மாணவர், தாம் நாளும் பயன்கொள்ளுந் தமிழ் நிரல் எந்நுண்செயலிக்கு எழுதப்பட்டது, அதனை இன்று பேணுவார் உளரோ என்று முதலிற் பார்த்துக்கொள்வாராக.