கஞ்சியா, வாக்கா?

டோல்கேட் டீக்கடைகளில், முஸ்லிம்களின் உற்ற நண்பர் எங்கள் தலைவரே என்று இரு கழகத்தாரும் மோதுகின்றனர். ஒருவர் 2001இல் தொடங்கிய நோன்புக் கஞ்சி அரிசியைக் காட்டுகிறார். மற்றவர் 2007இல் வந்த 3.5 சதவீத இட ஒதுக்கீட்டை. நல்லவையே. ஆயினும், 1998இல் அ.தி.மு.க.வும் 1999இல் தி.மு.க.வும் பா.ஜ.க.வுடன் கூட்டுச் சேர்ந்ததை மறைக்க முடியுமா?

2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்த மசோதா மாநிலங்களவைக்கு வந்தது. தி.மு.க. எதிர்த்தது, அ.தி.மு.க. ஆதரித்தது. 125க்கு 105 என்று நிறைவேறியது. 2020 பிப்ரவரியில் பக்கத்து வண்ணாரப்பேட்டையில் அதை எதிர்த்த மக்கள் மீது தடியடி விழுந்தது. அப்போது கஞ்சி காத்ததா?

தோழர்களே! தலைவர் அணியும் குல்லாவைப் பாராதீர். அவர் கட்சி போடும் வாக்கைப் பாருங்கள். கூலியை வெட்டும் முதலாளி நம் மதத்தைக் கேட்பதில்லை. ஆலையிலும் வயலிலும் நம் ஒற்றுமையே நமக்கு அரண்!