சிதம்பரம் என்றொரு பிரெஞ்சுக் குடும்பப் பெயர்

சில மாதங்களுக்கு முன்னர் பாரிசிலிருந்து எனது சகோதரியின் மகன் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, எங்கடை பேர் பிரான்சிலை ஒருத்தருக்கும் இல்லாத பேராம்" என்றான். குரலில் பெருமையா வருத்தமா என்று பிரித்தறிய இயலாத ஒரு தொனி. அவனது மகள் படிக்கும் பாடசாலையில், ஒவ்வொரு மாணவரும் தத்தமது குடும்பப் பெயரின் தோற்றத்தையும், அப்பெயரைக் கொண்டோர் நாட்டில் எத்தனை பேர் என்பதையும் கண்டறிந்து எழுதி வருமாறு கூறியிருக்கிறார்கள். பிள்ளை இணையத்தில் தேடியிருக்கிறாள். மற்றப் பிள்ளைகளுக்கு வரைபடமும் எண்ணிக்கையும் வந்தன. இவளுக்கு வந்த விடை பூச்சியம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பிள்ளை தன் 'குடும்பப் பெயர்' என்று தேடியது எனது மைத்துனரின் சொந்தப் பெயரை. அவருடைய தகப்பனாருக்கு வேறு பெயர். பாட்டனாருக்கு இன்னொரு பெயர். யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறைக்கு மட்டுமே உரியதாக இருந்த பெயர், கடவுச்சீட்டிலும் அகதி விண்ணப்பத்திலும் ஏறி, பாரிஸ் நகரசபைப் பதிவேட்டில் பரம்பரைப் பெயராகக் குடியேறிவிட்டது. ஆனால் சிரிப்பு அடங்கியதும், இது புதிய கதையல்லவே என்ற எண்ணம் எழுந்தது. ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு முன்னரே தமிழர் சிலருக்கு இது நேர்ந்திருக்கிறது. அப்படிப் பிறந்த பிரெஞ்சுக் குடும்பப் பெயர்களுள் ஒன்று 'சிதம்பரோம்'. நமது சிதம்பரந்தான் அது.

பிரான்சில் குடும்பப் பெயர் என்பது அரசின் விடயம். 1539இல் முதலாம் பிரான்சுவா மன்னன் வில்லேர்-கொத்தரே என்ற இடத்தில் பிறப்பித்த கட்டளை, திருமுழுக்குப் பதிவேடுகளை ஒவ்வொரு பங்கிலும் பேண வேண்டும் என்று விதித்தது. 1579இல் திருமணமும் மரணமும் அதனுடன் சேர்ந்தன. புரட்சிக்குப் பின்னர், 1794 ஓகஸ்ட் 23ஆந் திகதிச் சட்டம், பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயரை எந்தக் குடிமகனும் தரிக்கலாகாது என்று உறுதியாகக் கூறியது. ஒரு முறை பதிவேட்டில் ஏறிய பெயர், எழுத்துப் பிழையுடன் ஏறினாலும், அப்படியே நிலைத்துவிடும். பிரான்சில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட குடும்பப் பெயர்கள் இருப்பதற்கும், அவற்றுள் மிகப் பெரும்பாலானவை ஒரு சிலரால் மட்டுமே தரிக்கப்படுவதற்கும் இது ஒரு காரணம். பலவிதமாக எழுதப்பட்ட ஒரே பெயர் பல பெயர்களாகப் பிரிந்து போனது. குடிபெயர்ந்து வந்தோரின் பெயர்கள் அவற்றுடன் சேர்ந்துகொண்டன.

இந்தச் சட்ட உலகத்துக்குள்தான் நமது கூலித் தொழிலாளர்கள் கப்பலேறிச் சென்றார்கள். 1848 ஏப்ரல் 27இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் இல்லை. ஒப்பந்தக் கூலிகளாக இந்தியரைக் கொண்டுவரத் தீர்மானித்தார்கள். 1853இல் மார்த்தினிக் தீவிலும், 1854இன் இறுதியில் குவாதலூப் தீவிலும் முதற் கப்பல் சென்றடைந்தது. இரண்டு இடங்களுக்கும் சென்ற கப்பலின் பெயர் ஒன்றே, 'ஒறேலி'. 1889 வரை குவாதலூப் தீவுக்கு மட்டும் ஏறத்தாழ 42,000 பேரும், 1884 வரை மார்த்தினிக் தீவுக்கு ஏறத்தாழ 25,500 பேரும் சென்றார்கள். றெயூனியன் தீவுக்குச் சென்றோர் ஓர் இலட்சத்துக்கும் மேல். புதுச்சேரியும் காரைக்காலும் முக்கிய துறைமுகங்களாக இருந்தமையால், சென்றவர்களுட் பெருந்தொகையினர் தமிழர்.

அங்கே பெயர் எழுதும் இடத்தில் ஒரு விந்தை நிகழ்ந்தது. விடுதலை பெற்ற ஆபிரிக்க அடிமைகளுக்கு 1848இன் பின்னர் குடும்பப் பெயர்களைப் பதிவு உத்தியோகத்தர்கள் வழங்கினார்கள். பெயர் இல்லாதோருக்குப் பெயர் புனையப்பட்டது. இந்தியரிடமோ பெயர் இருந்தது. குடும்பப் பெயர்தான் இல்லை. முத்துசாமி, ராமசாமி, வீரசாமி, சிதம்பரம் என்று சொன்னார்கள். காதில் விழுந்ததை எழுதுவினைஞர் எழுதினார். அவர்களுக்குக் குடியேற்றத்தில் பிள்ளை பிறந்தபோது, முன்னால் ஒரு கிறிஸ்தவப் பெயர் வந்தது. தமிழ்ப் பெயர் பின்னால் சென்று குடும்பப் பெயராகியது. தகப்பனின் பெயர் தனக்குப் பின் அழிந்து, பேரனிடத்தில் மீண்டும் பிறக்கும் நமது வழக்கம் அங்கே முடிவுக்கு வந்தது. பெயர் உறைந்து போயிற்று.

எழுத்துக்கூட்டலைக் கவனித்தால் அந்த எழுதுவினைஞரின் செவியே நமக்குத் தெரிகிறது. 'உ' ஒலிக்குப் பிரெஞ்சில் 'ஓ' 'யூ' என இரண்டு எழுத்துக்கள் வேண்டும். இரண்டு உயிரெழுத்துக்களுக்கு நடுவே ஒற்றை 'எஸ்' வந்தால் அது 'இசட்' ஒலியாக மாறிவிடும் என்பதால், சாமி என்பதற்கு இரட்டை 'எஸ்' போட்டார்கள். இப்படித்தான் முத்துசாமி 'மூத்தூசாமி' ஆனார். சிதம்பரத்தின் இறுதி 'அம்' என்பது 'ஓம்' ஆயிற்று. நடுவில் உள்ள 'அம்' பிரெஞ்சு நாவில் வெறும் மூக்கொலியாகத் தேய்ந்தது. தில்லைச் சிற்றம்பலத்தில் தொடங்கி, 'சித்' என்றும் 'அம்பரம்' என்றும் பிரித்து அறிவாகாசம் எனத் தத்துவப் பொருள் சொல்லப்பட்ட ஒரு சொல், கரீபியன் கடலில் கரும்புத் தோட்டத்துப் பெயராயிற்று.

அந்தப் பெயரைத் தாங்கிய ஒருவரின் கதையை அறியாமல் அதன் பெறுமதியை நாம் உணர இயலாது. ஹென்றி சிதம்பரோம் 1863இல் குவாதலூப்பின் கப்பெஸ்தேர் என்ற ஊரில், இந்தியக் குடியேற்றவாசிகளின் மகனாகப் பிறந்தார். 1904இல், அந்தத் தீவில் பிறந்த இந்தியரின் பிள்ளைகளை வாக்காளர் இடாப்பில் சேர்க்க வேண்டும் என்ற வழக்கை அவர் முன்னெடுத்தார். ஆளுநரின் நிருவாகம் எதிர்த்தது. இவர்கள் பிரெஞ்சுக்காரர் அல்லர் என்பது அதன் வாதம். பிரெஞ்சு மண்ணில் பிறந்தோம், இங்கேயே வாழ்கிறோம், எங்களுக்கு வேறு நாடு எது என்பது இவர்களுடைய வாதம். வழக்கு ஓராண்டு ஈராண்டு அல்ல, பத்தொன்பது ஆண்டுகள் இழுபட்டது. 1923இல், ரேமோன் புவான்கரே பிரதமராக இருந்தபோது, இவர்களும் பிரெஞ்சுக் குடிமக்களே என்பது ஏற்றுக்கொள்ளப்பட்டது. 1952இல் ஹென்றி சிதம்பரோம் மறைந்தபோது, அவர் பிறந்த தீவு பிரான்சின் ஒரு மாவட்டமாகவே ஆகியிருந்தது.

இதனை வாசிக்கும் இலங்கைத் தமிழருக்கு மலையகம் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. அதே நூற்றாண்டில், அதே தமிழ் மாவட்டங்களிலிருந்து, தோட்டங்களுக்காகவே கொண்டுவரப்பட்டவர்கள் நமது மலையக மக்கள். குவாதலூப்பில் 1923இல் திறந்த கதவு, இலங்கையில் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் மூடப்பட்டது. தகப்பன் இலங்கையில் பிறந்தவர் என்றோ, பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்கள் என்றோ நிரூபிக்கும்படி கேட்டார்கள். அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. எஞ்சியோர் அனைவருக்கும் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் வருவதற்கு 2003 வரை காத்திருக்க நேர்ந்தது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயரும், தோட்டத்துப் பேரேட்டில் இன்னொரு எழுத்துக்கூட்டலும் இருந்தமையால் அலைக்கழிந்த குடும்பங்கள் எத்தனை! பெயர் என்பது வெறும் அலங்காரம் அல்ல என்பதை நம்மைவிட யார் நன்கறிவர்?

இனி, அந்தப் பூச்சியத்துக்கு வருவோம். பிரெஞ்சுக் குடும்பப் பெயர்களின் எண்ணிக்கையைத் தரும் இணையத்தளங்கள் பெரும்பாலும் தேசியப் புள்ளிவிபர நிறுவனமான 'இன்சே'யின் தரவுகளையே நம்பியிருக்கின்றன. 1891 முதல் 1990 வரையான பிறப்புக்களை நான்கு காற்பங்குகளாக, ஒவ்வொன்றும் 25 ஆண்டுகளாக வகுத்துத் தருவார்கள். இதில் மூன்று விடயங்களைப் பலரும் கவனிப்பதில்லை.

முதலாவது, அது பிறப்புக்களின் எண்ணிக்கையே தவிர, இன்று உயிருடன் இருப்போரின் எண்ணிக்கை அன்று. இரண்டாவது, பிரான்சில் பிறந்தோர் மட்டுமே அதில் அடங்குவர். யாழ்ப்பாணத்திலோ முல்லைத்தீவிலோ பிறந்து, பிரெஞ்சுக் குடியுரிமை பெற்று, 40 ஆண்டுகளாகப் பாரிசில் வாழ்பவர் அந்தக் கணக்கில் இல்லை. நமது பிள்ளைகளுட் பெரும்பாலோர் 1990இன் பின்னர் பிறந்தவர்கள், அவர்களும் இல்லை. மூன்றாவது, அந்தப் பதிவேடு 1940களில் தொகுக்கப்பட்டது. ஆகவே முற்பட்ட காலத்து எண்ணிக்கைகள் குறைவாகவே இருக்கும். குவாதலூப்பும் மார்த்தினிக்கும் றெயூனியனும் 1946 மார்ச்சு மாதச் சட்டத்தின் மூலமே பிரெஞ்சு மாவட்டங்களாயின. எனவே சிதம்பரோம், மூத்தூசாமி போன்ற பெயர்களின் பழைய எண்ணிக்கையை மிகுந்த அவதானத்துடனேயே வாசிக்க வேண்டும். மேலும், மிகச் சிலரே தரிக்கும் பெயர்களை இன்சே தனித்தனியே வெளியிடுவதில்லை. தனிநபர் அந்தரங்கம் கருதி, அவற்றை 'ஏனைய பெயர்கள்' என ஒரே வரியில் அடக்கிவிடுகிறது. பூச்சியம் என்றால் இல்லை என்று பொருளல்ல.

அபூர்வமான பெயர்கள் அழிந்துபோகுமா என்ற கேள்வியைக் கணிதமும் கேட்டிருக்கிறது. 1845இல் இதனை ஆராய்ந்து சரியான விடையைக் கண்டவர் ஒரு பிரெஞ்சுக்காரர். அவரது பெயரே ஓர் அரிய குடும்பப் பெயர்: பியனேமே. 'மிக நேசிக்கப்பட்டவன்' என்று பொருள். ஒருவருக்குச் சராசரியாக ஒரு மகனுக்கு மேல் இல்லாவிடின், அந்தப் பெயர் என்றோ ஒருநாள் நிச்சயமாக அற்றுப்போகும். அதற்கு மேல் இருந்தால் தப்பிப் பிழைக்க வாய்ப்புண்டு. அவருடைய குறிப்பு மறக்கப்பட்டது. 1870களில் இங்கிலாந்தில் கால்ற்றனும் வட்சனும் அதே கேள்வியை எழுப்பிப் புகழ் பெற்றார்கள். இத்தனைக்கும் வட்சன், எல்லாப் பெயர்களும் இறுதியில் அழிந்தே தீரும் என்று தவறாக முடிவு கட்டியவர். பியனேமேயின் முன்னுரிமை 1970களிலேயே வெளிச்சத்துக்கு வந்தது. ஆனால் அந்தக் கணக்கு முழுவதும் மகனை மட்டுமே எண்ணும் கணக்கு. 2005 முதல் பிரெஞ்சுப் பெற்றோர் தாயின் பெயரையோ, இருவரது பெயரையுமோ பிள்ளைக்குச் சூட்டலாம். 2022 யூலை முதல், வயது வந்த ஒருவர் நகரசபையில் ஒரு விண்ணப்பம் கொடுத்து, தாயின் பெயரைத் தனதாக்கிக் கொள்ளலாம். மகள்கள் இனிப் பெயரைக் காப்பாற்ற முடியும்.

ஆகவே எனது கருத்து இதுதான். ஒரு பெயர் அபூர்வமானது என்பதில் பெருமையும் இல்லை, சிறுமையும் இல்லை. பெரும்பாலும் அது ஒரு எழுதுவினைஞரின் செவிக்கும் ஒரு தகப்பனின் நாவுக்கும் இடையில் நேர்ந்த விபத்து. ஆனால் அந்த விபத்தின் பின்னால் இருப்பது என்ன என்பதை நாம் எழுதி வைக்காவிடில், இணையத்தளம் 'தோற்றம் அறியப்படவில்லை' என்று எழுதிவிடும். கரீபியன் தீவுகளில் இன்று தம் பெயரின் பொருள் தெரியாத மூத்தூசாமிகள் பலர் உண்டு. மொழி போயிற்று, பெயர் மட்டும் எஞ்சியது. அவர்களை நாம் குறை கூற முடியாது. தோட்டத்தில் பாடுபட்ட மனிதரிடம் குடும்ப வரலாறு எழுதி வைக்கும்படி எவரும் கேட்கவில்லை. நமக்கு அந்தச் சாட்டு இல்லை.

ஐரோப்பாவில் வாழும் நமது குடும்பங்களில் இன்று மூன்று சகோதரர்களின் பிள்ளைகள் மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று குடும்பப் பெயர்களுடன் திரிகிறார்கள். ஒருவர் பெயரில் 'எச்' உண்டு, மற்றவர் பெயரில் இல்லை. இன்னும் ஒரு நூற்றாண்டில், இவர்கள் ஒரே பாட்டனின் வழி வந்தவர்கள் என்பதைப் புள்ளிவிபரம் சொல்லாது. சட்டப்படி அதனை மாற்றுவது எளிதன்று. ஆயினும் ஒரு தாளில், தமிழ் எழுத்தில், பெயரையும் பொருளையும் ஊரையும், தகப்பன் பாட்டன் பூட்டன் பெயர்களையும், பாட்டிமாரின் பெயர்களையும் சேர்த்து எழுதிப் பிள்ளைகளிடம் கொடுப்பது எவருக்கும் இயலும்.

மருமகனிடம் அதையே சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவன் எழுதிக்கொண்டான். நான்கு தலைமுறை வரை போயிற்று. அதற்கு மேல் எனக்கும் தெரியவில்லை. அந்தத் தாளைப் பிள்ளை வகுப்பில் வாசித்தாளாம். எத்தனை பேருக்கு இந்தப் பெயர் என்ற கேள்விக்கு என்ன எழுதினாள் என்று கேட்டேன்.

"நாலு பேர் எண்டு எழுதினவள் மாமா. நான், மனிசி, ரண்டு பிள்ளையள்."

அதை ஐந்து என்று திருத்தச் சொன்னேன். அந்தப் பெயருக்கு உரியவர், எனது மைத்துனர், இன்னும் கொக்குவிலில் உயிருடன்தான் இருக்கிறார்.