மீசை முளைத்தால் வேலை போச்சு!

1977-ல் அருப்புக்கோட்டை மக்கள் ஓட்டுப் போட்டு எம்.ஜி.ஆரைச் சட்டசபைக்கு அனுப்பினார்கள். அவர் முதல்-மந்திரி ஆனார்.

அதே 1977-ல் கடல் கடந்த போர்ட்டோ ரிக்கோ தீவில் ஒரு பையன்கள் பாட்டுக் கோஷ்டி கிளம்பியது. பெயர் மெனுடோ. ஆரம்பித்தவர் எட்கார்டோ டயஸ்.

ஸ்பானிஷ் பாட்டும் ஆட்டமுமாக லத்தீன் அமெரிக்காவையே கலக்கினார்கள். ஆனால் அங்கே ஒரு கண்டிஷன். வயது 16 ஆனால் வெளியே! குரல் உடைந்தாலும் சீட்டுக் கிழிந்தது. ஒருவன் போனால் அடுத்த பொடியன் தயார்.

ரிக்கி மார்ட்டின் 1984-ல் 12 வயதில் சேர்ந்தார். 1989-ல் விலகினார். பிறகு உலகப் புகழ்! கூட ஆடிய எல்லோருக்கும் அந்த யோகம் அடிக்கவில்லை.

நமக்கு இது புதுசா? அந்தக் காலத்து பாய்ஸ் கம்பெனியிலும் இதே கதைதான். எம்.ஜி.ஆரே மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர். 'மகரக்கட்டு' வந்து குரல் உடைந்தால், பாடுகிற பையனுக்கு மவுசு போச்சு.

இப்போது டி.வி. பாட்டுப் போட்டி. திருச்சுழி பக்கம் மழையை நம்பி விதைக்கிற வீட்டில் ஒரு பையன் நன்றாகப் பாடினால், "நம்ம கஷ்டம் தீர்ந்துச்சு" என்று பெற்றோர் நினைப்பது சகஜம். அதுக்காகப் படிப்பை நிறுத்திடாதீங்க!

2017-ம் ஆண்டு மத்திய அரசு விதி என்ன சொல்கிறது? குழந்தைக் கலைஞருக்கு நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. வருமானத்தில் 20 சதவீதமாவது குழந்தை பேரில் பேங்க் டெபாசிட் போடணும்.

கூச்சப்படாமல் கேளுங்க. ரசீதை வாங்கிப் பாருங்க.

குரல் உடைவது இயற்கை. அன்றைக்குப் பையன் கையில் படிப்பும், பேங்கில் பணமும் இருக்கணும்!