மீட்டர் யாருடைய மரக்கால்?

லாரி டிரைவர்கள் டீசல் திருடுகிறார்கள் என்று சொல்பவர்களிடம் நான் ஒரே ஒரு கேள்வி கேட்பதுண்டு. கிலோமீட்டரை யார் அளந்தது?

பெரும்பாலும் பதில் வராது. லிட்டரை அளந்தது பங்க். அந்த எந்திரத்துக்கு எடையளவுத் துறையின் முத்திரை இருக்கிறது. சந்தேகம் வந்தால் 5 லிட்டர் அளவுக்குடுவையைக் கொண்டுவரச் சொல்லி, கண்ணெதிரே பிடித்துப் பார்த்துக்கொள்ளலாம். லோடை அளந்தது எடைமேடை. அதற்கும் முத்திரை உண்டு. தக்காளிக் கடைக்காரரின் தராசுக்கு உண்டு, ஆட்டோவின் கட்டண மீட்டருக்கும் உண்டு. ஆனால் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று சொல்கிற, ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அந்த வட்டப் பெட்டிக்கு? ஏதோ ஒரு பட்டறையில், யாரோ ஒருவர், பொத்தானை அழுத்தி ஏற்றிவிட்டுப் போன ஓர் எண்தான் அதற்கு ஆதாரம்.

மைலேஜ் என்பது கிலோமீட்டரை லிட்டரால் வகுப்பது. கீழே இருக்கும் எண்ணுக்கு அரசாங்கம் சாட்சி. மேலே இருக்கும் எண்ணுக்குச் சாட்சியே இல்லை. இந்த வகுத்தலின் விடையை வைத்துக்கொண்டு ஒரு மனிதனைத் திருடன் என்கிறோம். அவன் படியில் பிடிக்கிறோம். அடுத்த செட்டில் அவனுக்கு வேலை கிடைக்காதபடி பேசுகிறோம். இது அநியாயம் என்று சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

நான் நாமக்கல் பக்கம் லாரிகளுக்கு மீட்டரும் ஒயரிங்கும் செய்கிறவன். இங்கே வெறும் சேஸிஸாக வந்து பாடி கட்டிக்கொண்டு போகும் வண்டிகள் ஒரு வகை. அவற்றைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. கம்பெனி கொடுத்த மீட்டர், கம்பெனி போட்ட டயர், கம்பெனி வைத்த கிரவுன் பினியன், எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்கும். என் பேச்சு இன்னொரு வகை வண்டியைப் பற்றியது. இரண்டு மூன்று கை மாறி, கேபின் மாறி, கியர் பாக்ஸ் மாறி, ஹவுசிங்கே மாறி, உரிமையாளரின் வசதிக்கும் பட்டறையின் கைச்சரக்குக்கும் ஏற்ப மறுபிறவி எடுத்த வண்டி. அதில் பழைய மீட்டர் செத்துப்போயிருக்கும். கம்பெனி மீட்டரின் விலையைக் கேட்டுவிட்டு, கடையில் கிடைக்கும் எலக்ட்ரானிக் மீட்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். "முள்ளு ஆடுனா போதுமுங்க" என்பார்கள்.

முள் ஆடுவது பெரிய விஷயமே இல்லை. எந்த எண்ணைப் போட்டாலும் முள் ஆடும். அதுதான் இந்தத் தொழிலின் சாபம்.

பழைய மீட்டரில் கேபிள் இருந்தது. 1902-இல் ஓட்டோ ஷூல்ஸே என்ற ஜெர்மானியர் உரிமம் வாங்கிய உத்தி அது. கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும், காந்தம் ஓர் உலோகக் கிண்ணத்தை இழுக்கும், கிண்ணத்தில் இருக்கும் முள் சுருள்வில்லை எதிர்த்துத் திரும்பும். அளவை மாற்றவேண்டும் என்றால் கியர் பாக்ஸில் இருக்கும் சின்னப் பல்சக்கரத்தையே மாற்றவேண்டும். பல்லை எண்ணிப் பார்த்தால் யார் என்ன செய்தார்கள் என்று தெரிந்துவிடும். எலக்ட்ரானிக் மீட்டரில் அந்தப் பல் ஓர் எண்ணாகிவிட்டது. கண்ணுக்குத் தெரியாது.

அந்த எண் எப்படி வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். கணக்கு என்றதும் பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள். ஒரு குடும்பத்தின் மாதச் செலவு இதற்குள் இருக்கிறது.

கியர் பாக்ஸின் பின்னால் ஒரு சென்சார். புரப்பெல்லர் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றினால் அது குறிப்பிட்ட எண்ணிக்கையில் துடிப்புகளை அனுப்பும். 8 என்று வைத்துக்கொள்வோம். கிரவுனுக்கு 41 பல், பினியனுக்கு 6 பல் என்றால், சக்கரம் ஒருமுறை சுற்ற ஷாஃப்ட் 6.83 முறை சுற்றவேண்டும். டயர் ஒரு சுற்றில் 3.2 மீட்டர் உருளும் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 312.5 சுற்று. மூன்றையும் பெருக்கினால் கிலோமீட்டருக்குச் சுமார் 17,083 துடிப்பு. இந்த எண்ணைத்தான் மீட்டருக்குள் ஏற்றுகிறோம். விலை குறைந்த மீட்டர்கள் பலவற்றில் முள் காட்டும் வேகம், கீழே ஓடும் கிலோமீட்டர் இரண்டுக்கும் இந்த ஒரே எண்தான் தாய்.

இப்போது உரிமையாளர், நெடுஞ்சாலையில் வண்டி இன்னும் வேகமாகப் போகட்டும் என்று 41-க்கு 7 பல் உள்ள கிரவுன் பினியனை மாற்றுகிறார். மீட்டரை யாரும் தொடவில்லை. கிலோமீட்டருக்கு இனி 14,643 துடிப்புதான் வரும். மீட்டரோ 17,083 வந்தால்தான் ஒரு கிலோமீட்டர் என்று காத்திருக்கிறது. விளைவு, வண்டி 7 கிலோமீட்டர் ஓடினால் மீட்டர் 6 என்று எழுதும்.

700 கிலோமீட்டர் ஓட்டம். லிட்டருக்கு 3.5 தரும் வண்டி. 200 லிட்டர் டீசல் குடித்திருக்கிறது, நியாயமாக. ஆனால் ட்ரிப் ஷீட்டில் மீட்டரைப் பார்த்து எழுதுவது 600 கிலோமீட்டர். 600-ஐ 3.5-ஆல் வகுத்தால் 171 லிட்டர்தான் ஆகியிருக்கவேண்டும். மீதி 29 லிட்டர் எங்கே? கணக்குப்பிள்ளை பேனாவை வைத்துவிட்டு டிரைவரை நிமிர்ந்து பார்க்கிறார். ஒரே ஓட்டத்தில், ஒரு சொட்டுக்கூடத் தொடாமல், ஒருவன் 29 லிட்டர் திருடனாகிவிட்டான்.

இது கற்பனை இல்லை. கிட்டத்தட்ட இதே விகிதத்தில் தப்பாக ஓடிய ஒரு வண்டி என்னிடம் வந்தது. வந்தது மீட்டருக்காக அல்ல, ஹெட்லைட் ஒயரிங்குக்காக. டிரைவருக்கு ஐம்பது வயதுக்கு மேல். வேலை நடக்கும்போது தானாகப் பேச ஆரம்பித்தார். "நாலு மாசமா புடிக்கிறாங்க தம்பி. நான் டாங்கியத் தொட்டதே இல்ல. வீட்டுல சொன்னாக்கூட நம்ப மாட்டேங்குறாங்க." அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் வண்டியை வெளியே எடுக்கச் சொன்னேன். கிலோமீட்டர் கல்லைப் பார்த்துக்கொண்டே 10 கிலோமீட்டர் ஓட்டினோம். மீட்டர் 8.6 என்றது. கைபேசியில் ஜி.பி.எஸ்.ஸும் கல்லோடுதான் ஒத்துப்போனது. உரிமையாளரை அழைத்து அதே சாலையில் அவரையும் உட்காரவைத்துக் காட்டினேன். அவர் நல்ல மனிதர்தான். எண்ணை மாற்றச் சொன்னார். ஏற்கெனவே பிடித்த பணத்தைப் பற்றிக் கேட்டேன். "அது முடிஞ்ச கணக்குங்க" என்றார்.

முடிந்த கணக்கு! நம் ஊரில் பண்ணையார்களிடம் இரண்டு மரக்கால் இருந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். வாங்க ஒன்று, கொடுக்க ஒன்று. அந்தப் பண்ணையாருக்காவது தன்னிடம் இரண்டு இருப்பது தெரிந்திருந்தது. இன்றைய முதலாளிக்கு அதுவும் தெரியாது. தன் கையில் இருப்பது பெரிய மரக்கால் என்று தெரியாமலே அளக்கிறார், மனசாட்சி உறுத்தாமல் தூங்குகிறார். தெரியாமல் செய்தால் அநியாயம் நியாயமாகிவிடுமா?

"டிரைவருங்க யோக்கியமுன்னு நீங்க சர்டிபிகேட் கொடுக்கிறீங்களா?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. இல்லை. டீசல் விற்கிற டிரைவர்கள் இருக்கிறார்கள். சென்சார் ஒயரைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் திருடனைப் பிடிக்கவேண்டும் என்றாலும் முதலில் தராசு சரியாக இருக்கவேண்டும் அல்லவா? கோணல் தராசு திருடனையும் காப்பாற்றும், திருடாதவனையும் மாட்டிவிடும். மீட்டர் கூட்டிக் காட்டுகிற வண்டியில் ஒருவன் தினமும் பத்து லிட்டர் விற்றாலும் மைலேஜ் சரியாகத்தான் வரும். அவன் நல்ல டிரைவர் என்று பெயர் வாங்குவான்.

"சின்ன வித்தியாசம்தானே" என்பது அடுத்த வாதம். டயர் தேய்வதால் வருவது சின்ன வித்தியாசம்தான். சுமார் 1,050 மில்லிமீட்டர் விட்டமுள்ள டயர் 24 மில்லிமீட்டர் தேய்ந்தால் மீட்டர் 2 சதவீதம் சொச்சம் கூட்டிக் காட்டும். அதற்கு யாரும் சண்டை போடவேண்டாம். ஆனால் பல் மாறினால் வருவது ஏழில் ஒரு பங்கு. அதோடு இது டீசலோடு நிற்பதில்லை. 2015 அக்டோபர் 1-க்குப் பின் தயாராகும் சரக்கு வண்டிகளுக்கு 80 கிலோமீட்டரில் வேகத்தைக் கட்டும் கருவி கட்டாயம். டேங்கர், டிப்பர், பள்ளிப் பேருந்துகளுக்கு 60. ஸ்பீடு கவர்னர் என்கிறோமே, அது. அதுவும் பல வண்டிகளில் இதே துடிப்பைத்தான் எண்ணுகிறது. மேலே சொன்ன பல் மாற்றத்தில், 80-இல் கட்டவேண்டிய வண்டி 93-இல் கட்டும். 60-இல் கட்டவேண்டிய டேங்கர் 70-இல். வேகம் ஏழில் ஆறு என்று காட்டும்போது, பிரேக் அடக்கவேண்டிய இயக்க ஆற்றல் நினைத்ததைவிட 36 சதவீதம் அதிகம். முள்ளை நம்பி, 68 என்று நினைத்து 80-இல் வளைவில் இறங்குகிறவன் சட்டத்தை மீறவில்லை. ஆனால் கேமரா படம் எடுப்பது அவனைத்தான். விழுந்தால் சாவதும் அவன்தான்.

ஐ.நா.வின் 39-ஆம் எண் ஒழுங்குவிதி வேகமானியைப் பற்றியது. உண்மை வேகத்தைவிட மீட்டர் ஒருபோதும் குறைத்துக் காட்டக்கூடாது என்பது அதன் சாரம். கூட்டிக் காட்டலாம், உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும், அதன்மேல் 4 கிலோமீட்டரும் வரை. 80-இல் போகும்போது 92 வரை காட்டலாம். உயிர்காக்க அது சரி. ஆனால் ஒரே எண்ணில் வேகமும் தூரமும் ஓடும் மலிவு மீட்டரில், பாதுகாப்புக்காகக் கூட்டி வைப்பது கணக்கிலும் கூடிவிடும். ஆகவே என் கொள்கை, எண்ணைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். சரியாக வை.

"இப்போது எல்லா வண்டியிலும் ஜி.பி.எஸ். இருக்கிறதே, மீட்டர் எதற்கு?" என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். ஜி.பி.எஸ். நல்ல சாட்சிதான், ஒரே சீரான வேகத்தில், திறந்த வானத்தில். ஆனால் சில நொடிக்கு ஒருமுறை மட்டும் புள்ளி எடுக்கும் கருவி, மலைப்பாதையின் வளைவுகளை நேர்கோடாக வெட்டிவிடும். நிறுத்தி வைத்த வண்டியைக் கொஞ்சம் நடக்கவும் வைக்கும். அதைவிட முக்கியமானது, அந்தத் திரை யார் கையில் இருக்கிறது என்பது. முதலாளியின் கைபேசியில். டிரைவரின் கண்ணெதிரே இருப்பது முள் மட்டும்தான். அவனுக்கென்று இருக்கும் ஒரே சாட்சியைப் பொய்ச்சாட்சியாக விட்டுவிட்டு, இன்னொருவர் சட்டைப்பையில் இருக்கும் சாட்சியை நம்பு என்பது என்ன நியாயம்?

எஃப்.சி.யில் பார்க்கமாட்டார்களா என்றால், எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதன்பின் வருடத்துக்கு ஒருமுறைதான் எஃப்.சி. எஃப்.சி. முடிந்த மறுவாரம் ஹவுசிங் மாறினால்? ஐரோப்பாவில் லாரிகளின் டாக்கோகிராஃபை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அங்கீகரித்த பட்டறையில் அளவு பார்த்து, சீல் வைத்து, ஒரு தகடு ஒட்டவேண்டும். கிலோமீட்டருக்கு எத்தனை துடிப்பு, டயர் சுற்றளவு எவ்வளவு, எந்தப் பட்டறை, எந்தத் தேதி என்று எல்லாம் அந்தத் தகட்டில் இருக்கும். ஒருவன் எண்ணைப் போட்டால் அதன் கீழே தன் பெயரையும் போடவேண்டும். விஷயம் அவ்வளவுதான். அதற்குப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை, கொஞ்சம் வெட்கம் இருந்தால் போதும்.

நம் பட்டறைகளில் இதைச் செய்ய என்ன தடை? டயரில் சாக்பீஸால் கோடு போட்டு, காற்றுச் சரிபார்த்து, லோடோடு பத்துச் சுற்று உருட்டி டேப்பால் அளக்கலாம். பத்துக் கல் ஓட்டிப் பார்க்கலாம். புறவழிச்சாலை போட்ட இடத்தில் கல் கணக்குப் பிசகும், அதைத் தவிர்த்து நேரான இடத்தில் ஓட்டவேண்டும். ஜி.பி.எஸ்.ஸோடும் ஒப்பிடலாம். பிறகு பழைய எண்ணை, மீட்டர் காட்டிய தூரத்தால் பெருக்கி, உண்மைத் தூரத்தால் வகுத்தால் புது எண். இதைத் தலைகீழாகச் செய்து பிழையை இரட்டிப்பாக்கி அனுப்பும் கடைகளும் இருக்கின்றன. அதனால் மாற்றியபின் இன்னொருமுறை ஓட்டிப் பார்க்காமல் வண்டியை விடக்கூடாது. சென்சார் இடைவெளியும் எர்த்தும் சரியில்லை என்றால் எந்த எண்ணும் நிற்காது, அதையும் பார்க்கவேண்டும். எல்லாம் சேர்ந்து அரை நாள் வேலை. ஒரு டிரைவரின் நான்கு மாதப் பிடித்தத்தோடு ஒப்பிட்டால் அரை நாள் பெரிதா?

நான் கேட்பது மூன்றுதான். மீட்டருக்கு எண் ஏற்றும் ஒவ்வொரு பட்டறையும் கதவோரத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டட்டும்: டயர் அளவு, கிரவுன் பினியன் பல், ஏற்றிய எண், தேதி, கடையின் பெயர். பல்லோ டயர் அளவோ மாறினால் ஸ்டிக்கரும் மாறட்டும். மூன்றாவது, டீசல் குறைகிறது என்று டிரைவரின் பணத்தில் கை வைக்கும் முன், அவனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். பங்கில் 5 லிட்டர் குடுவையைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறதே, அதே உரிமை அவனுக்கும் இருக்கட்டும்.

இதற்கு அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முத்திரை ஆய்வாளர் என்றாவது நம் பட்டறைக்கும் வரட்டும், வரவேற்கிறேன். அதுவரை என் கடையில் மீட்டர் வாங்கிப் பொருத்தும் வண்டியில் ஸ்டிக்கர் இருக்கும். "அதெல்லாம் எதுக்குங்க, முள்ளு ஆடுனா போதும்" என்பவர்கள் வேறு கடைக்குப் போகலாம்.