மூன்று ரூபாயும் பழைய அட்லஸும்!

லீவு விட்டதும் நண்பர்களோடு திருவண்ணாமலைக்குக் கிளம்பும் மாணவர்களுக்கு இன்று எல்லாம் மொபைலிலேயே இருக்கிறது. எந்த ரயில், எங்கே தங்கலாம், எந்தக் கடையில் டிபன் நன்றாக இருக்கும் என்பதுவரை கிளம்பும் முன்பே தெரிந்துவிடுகிறது. இதே ஊருக்கு 1896-ல், 16 வயது பள்ளி மாணவன் ஒருவன் தனியாக வந்து இறங்கினான். அவனுக்கு அங்கே யாரையும் தெரியாது. போகும் வழிகூடச் சரியாகத் தெரியாது.

அவன் பெயர் வேங்கடராமன். பின்னாளில் உலகம் 'ரமண மகரிஷி' என்று அறிந்தவர். அவரின் ஆன்மிகம் பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். ஊர் தெரியாத ஒரு பையனின் பயணமாக அதைப் பார்த்தால், வழியில் அவன் சந்தித்த சாதாரண மனிதர்கள் கண்ணில் படுகிறார்கள்.

அட்லஸ் சொல்லாத ரயில்

திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கி, அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். 1896 ஆகஸ்ட் 29, சனிக்கிழமை. ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவனிடம், தன் கல்லூரிக் கட்டணம் 5 ரூபாயையும் கட்டிவிடச் சொன்னார் அண்ணன் நாகசாமி. அதில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டான். மீதி 2 ரூபாயை, தன்னைத் தேட வேண்டாம் என்று எழுதிய கடிதத்தோடு வைத்துவிட்டுப் போனான். கடிதத்தின் அடியில் கையெழுத்து இல்லை.

அவன் பார்த்த பழைய அட்லஸில் திருவண்ணாமலைக்கு ரயில் பாதையே இல்லை. அருகில் இருப்பது திண்டிவனம் என்று கணக்குப் போட்டு, 2 ரூபாய் 13 அணாவுக்கு டிக்கெட் வாங்கினான். ரயில்வே கட்டணப் பட்டியலை இன்னும் கொஞ்சம் கீழே பார்த்திருந்தால், திருவண்ணாமலைக்கே டிக்கெட் விலை சரியாக 3 ரூபாய் என்பது தெரிந்திருக்கும்!

உண்மையைச் சொன்னவர் ரயிலில் உடன் வந்த ஒரு மௌல்வி. விழுப்புரத்தில் இறங்கி வேறு ரயில் பிடித்தால் திருவண்ணாமலைக்கே போகலாம் என்று வழி சொன்னார்.

காசு வேண்டாம் என்றவர்

ரூபாய்க்கு 16 அணா என்பதால், டிக்கெட் போக கையில் இருந்தது 3 அணா. திருச்சியில் அரையணாவுக்கு இரண்டு பேரிக்காய் வாங்கிச் சாப்பிட்டான். மீதி இரண்டரை அணா. ஞாயிறு அதிகாலை விழுப்புரத்தில் இறங்கி ஊரைச் சுற்றியவன், பசி தாங்காமல் ஒரு ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு 2 அணாவை நீட்டினான். கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்ட ஹோட்டல்காரர், பதிலைக் கேட்டதும் காசை வாங்க மறுத்துவிட்டார்.

அந்தக் காசில் மாம்பழப்பட்டு வரைதான் டிக்கெட் கிடைத்தது. அங்கிருந்து சுமார் 10 மைல் நடந்து, திருக்கோவிலூர் அருகே அறையணிநல்லூர் கோயிலுக்கு வந்தான். அங்கே சாப்பாடு இல்லை. பக்கத்துக் கீழூர் கோயிலிலும் முதலில் மறுத்தார்கள். அதைப் பார்த்த கோயில் மேளக்காரர், தன் பங்குச் சோற்றை அந்தப் பையனுக்குக் கொடுக்கச் சொன்னார்.

மறுநாள் கோகுலாஷ்டமி. முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில் வயிறாரச் சாப்பாடு கிடைத்தது. சுமார் 20 ரூபாய் பெறுமானமுள்ள தன் கடுக்கனை அவரிடமே அடகு வைத்து 4 ரூபாய் வாங்கினான். கிருஷ்ணனுக்குப் படைப்பதற்காகச் செய்திருந்த பலகாரத்தையும் அந்த வீட்டம்மா பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்பினார்.

புது ஊரின் முதல் நாள்கள்

செப்டம்பர் 1, செவ்வாய்க்கிழமை காலை. திருவண்ணாமலையில் ரயிலை விட்டு இறங்கியவன் நேராக அண்ணாமலையார் சந்நிதிக்குப் போனான். வெளியே வந்ததும் யாரோ மொட்டை அடிக்க வேண்டுமா என்று கேட்க, அய்யங்குளத்தில் தலைமுடியை எடுத்தான். மிச்சமிருந்த 3 ரூபாய்ச் சொச்சத்தையும் பலகாரப் பொட்டலத்தையும் குளத்தில் எறிந்தான். அடுத்த வேளைக்கு வழி என்ன என்ற கேள்வியே அவனுக்கு எழவில்லை.

ஊர் அவனை உடனே கொண்டாடிவிடவில்லை. ஆயிரங்கால் மண்டபத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்த புதுப் பையன்மீது ஊர்ப் பையன்கள் கல்லெறிந்தார்கள். சேஷாத்ரி சுவாமிகள் காவலுக்கு நின்றும் தொல்லை ஓயவில்லை. வேங்கடராமன் கீழே இருட்டறையான பாதாள லிங்கத்துக்குள் போய் அமர்ந்தான். பூச்சிகள் கடித்துத் தொடைகள் புண்ணாகின. தியானத்தில் ஆழ்ந்திருந்தவனுக்கு அது தெரியவில்லை. வேங்கடாசல முதலியார் என்பவர்தான் இன்னும் சிலரைச் சேர்த்துக்கொண்டு, உள்ளே போய் அவனை அப்படியே தூக்கிவந்து சுப்பிரமணியர் சந்நிதியில் விட்டார். அதன் பிறகு அம்மன் சந்நிதி அபிஷேகப் பால்தான் சில காலம் ஆகாரம்.

நான்கு நாள் பயணத்திலும் அதற்குப் பிந்தைய வாரங்களிலும் அந்தப் பையனைக் கரைசேர்த்தது அட்லஸ் அல்ல. ஒரு மௌல்வி, ஒரு ஹோட்டல்காரர், ஒரு மேளக்காரர், ஒரு வீட்டம்மா, ஒரு முதலியார். அவன் பின்னாளில் யாராக ஆவான் என்பது இவர்களில் யாருக்கும் தெரியாது. பசித்த பிள்ளை, ஊர் தெரியாத பிள்ளை என்பது மட்டும்தான் தெரியும்.

அம்மாவின் இரண்டு வருடம்

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1892-லேயே கணவரை இழந்த அழகம்மாளுக்கு, மகன் எங்கே இருக்கிறான் என்பது 1898 வரை தெரியாது. அந்த வருடம் டிசம்பரில் மூத்த மகனோடு தேடி வந்து நாள் கணக்கில் கெஞ்சினார். மகன் திரும்பவில்லை. 1916-ல் அம்மாதான் மகன் இருந்த மலைக்கே வந்து சேர்ந்தார். 1922-ல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். ரமணரோ வந்த நாள் முதல் 1950 ஏப்ரல் 14 அன்று மறையும்வரை திருவண்ணாமலையை விட்டு வேறெங்கும் போகவில்லை.

சொல்லாமல் கிளம்பும் எல்லாப் பிள்ளைகளுக்கும் வழியில் நல்லவர்களே கிடைப்பார்கள் என்று சொல்ல முடியாது. கையில் கிடைத்த பணத்தோடு ரயில் ஏறும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். பிளாட்பாரத்தில் தனியாகத் தவிக்கும் சிறுவனையோ சிறுமியையோ பார்த்தால், முதலில் 'சாப்பிட்டியா?' என்று கேளுங்கள். அடுத்து 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். 24 மணி நேரமும் இயங்கும், கட்டணம் இல்லை. எங்கோ ஒரு வீட்டில் ஓர் அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.