எல்லைக்கோடு கடைவாசலில்தான் விழுகிறது

பிரித்தானியா 2020 ஜனவரி 31 இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியது. அந்த ஆண்டு முடிவோடு ஆட்கள் தடையின்றி வந்துபோகும் உரிமையும் முடிந்தது. 2021 செப்டெம்பரில் அங்கே லொறிச் சாரதிகள் போதாமல் பெற்றோல் நிலையங்களில் வரிசை நீண்டது. கொரோனாவும் ஒரு காரணம்தான். ஆனால், ஊருக்குப் போன ஐரோப்பியச் சாரதிகள் நினைத்தபடி திரும்பிவர முடியவில்லை என்பதும் காரணமே.

"இதனால் நமக்கென்ன?" என்று பதுளையில் வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் கேட்டார். இந்தப் பாடத்தை நாம் முன்பே படித்துவிட்டோம் என்றேன்.

வெள்ளைக்காரர் காலத்தில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது. தோட்டத்துக்கு ஆள் வந்ததும் அந்த வழியால்தான். கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் நம்மவர்கள் கடை வைக்க வந்ததும் இதே கடலைக் கடந்துதான். சுதந்திரத்தோடு நிலைமை மாறியது. 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டமும் குடிவரவு, குடியகல்வுச் சட்டமும் வந்தன. தோட்டத் தொழிலாளி நாடற்றவரானார். இந்திய வியாபாரிக்குத் தற்காலிக வதிவிட அனுமதி தேவைப்பட்டது. 1953 இன் நாணயமாற்றுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பின் ஊருக்குப் பணம் அனுப்புவதும் இலகுவாக இருக்கவில்லை.

1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974 இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். சம்பந்தப்பட்ட சனங்களிடம் எவரும் கேட்கவில்லை.

அப்போது வாப்பாவின் கடையில் நான் கொப்பி எழுதும் பையன். பசறைப் பக்கத்துத் தோட்டங்கள்தான் எங்கள் வாடிக்கை. சம்பளத்துக்குச் சம்பளம் கணக்குத் தீரும். பயணத் திகதி வந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கொப்பியிலிருந்து மறைந்தன. கடனைக் கட்டிவிட்டு அழுதுகொண்டு போனவர்களே அதிகம். கட்ட முடியாதவர்களின் பக்கங்களை வாப்பா தானே கோடு போட்டு மூடினார். அவர்களை ஏற்றிச்சென்ற ரயிலை மலையகத்தார் 'ஒப்பாரிக் கோச்சி' என்றார்கள். கடன் நட்டத்தை இரண்டு வருடத்தில் ஈடுசெய்தோம். போன வாடிக்கையாளரை ஈடுசெய்ய முடியவில்லை.

இந்தியாவுடனான சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதுபற்றிப் பேசும்போதெல்லாம் நமது வர்த்தகர்கள் தீர்வை எவ்வளவு, எந்தப் பொருளுக்குச் சலுகை என்றே கேட்கிறோம். ஆட்கள் போய்வருவதைப் பற்றிக் கேட்பதில்லை. வெளியாள் வந்தால் போட்டி கூடும் என்ற பயம் எனக்கும் உண்டு. அது நியாயமான பயம்தான். ஆனால் பொருள் தானாக நடந்து வருவதில்லை. அதை விளைவிப்பவனும் சுமப்பவனும் வாங்குபவனும் மனிதன்தான்.

ஆகவே, அடுத்த உடன்படிக்கை பேசப்படும்போது நமது வர்த்தக சங்கங்கள் இரண்டு கேள்விகளை எழுத்தில் கொடுக்கட்டும். இதனால் யார் வரலாம்? யார் போகவேண்டி வரும்? 1964 இல் இதைக் கேட்க நமக்குத் தோன்றவில்லை. அதன் விலை வாப்பாவின் பழைய கொப்பியில் இன்னும் இருக்கிறது.